விடு மச்சான்

மரத்தின் மேலே இருப்பவன் தன் இஷ்டத்துக்கு வெட்டக்கூடாது. மரம் ஏறி வெட்டுகிறவர்களின் தொழிலில் இது பாலபாடம். கிளையில் கயிற்றைக் கட்டி முடித்ததும் மேலிருந்து அவன் "வெட்டவா?" என்று கேட்க வேண்டும். கீழே நிற்கும் ஆள் அந்தக் கயிற்றை அடிமரத்தில் நாலு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பிடித்து, சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துவிட்டு, "விடு!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்த ஒரு சொல் காதில் விழும்வரை மோட்டார் ரம்பம் மரத்தைத் தொடக்கூடாது. இலைக்கூட்டத்துக்குள் நிற்பவனுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எங்கே தெரியும்? கிளைக்கு நேர் கீழே ஒரு முறம் அளவுக்குத் தரை தெரிந்தால் பெரிய விஷயம். மற்றதெல்லாம் இலைதான்.

பல்லி இந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பல்லி என்பது தொழிலில் வைத்த பெயர். மழையில் நனைந்து வழுக்கும் மரத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்பான் என்பதால் வந்தது. அப்பா அம்மா வைத்த பெயரை வங்கியில் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருப்பான். அவனுக்குக் கீழே பத்து வருஷத்துக்கு மேல் கயிறு பிடித்தவன் நங்கூரம். ஆள் நல்ல கனம். எவ்வளவு பெரிய கிளை இறங்கினாலும் நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டான். குரலும் அவன் உடம்புக்கு ஏற்ற மாதிரிதான். பல்லியின் தங்கையைக் கட்டியவன். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே மரத்தில் வேலை செய்தால் சண்டை வரும் என்று ஊரே சொன்னது. வந்தது. மத்தியானம் சாப்பாட்டில் யார் பொரியலை யார் எடுத்தார்கள் என்பதோடு அது முடிந்தும் போனது.

பல்லி "வெட்டவா?" என்று கேட்டால் நங்கூரம் வெறும் "விடு" என்று சொல்ல மாட்டான். "விடு மச்சான்!" என்பான். அந்த 'வி'யை இழுத்து, 'மச்சா'னை வெட்டி நிறுத்துவான். தெருக்கோடியில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, கார்கள் நிறுத்தும் மைதானத்து ஓரத்தில் நின்ற மரத்தில், பல்லி அன்றைய முதல் கிளையை வெட்டினான். கிளை நேராக நங்கூரத்தின் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட அவசியமே இருக்கவில்லை.

கயிறு நங்கூரத்தின் கையில் இருந்தது. ஆனால் அடிமரத்தில் ஒரு சுற்றுகூடச் சுற்றியிருக்கவில்லை.

"நான் கேட்டேன். அவன் விடுன்னு சொன்னான். என் காதால கேட்டேன்" என்றான் பல்லி. அன்றும் சொன்னான், மறுநாளும் சொன்னான், விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னான், துக்கத்துக்கு வந்தவர்களிடம் சொன்னான். அவர்களோடு மூன்றாவது ஆளாக வேலை செய்த லாரி டிரைவர் மட்டும்தான் அந்த நேரத்தில் அங்கே இருந்தவர். அவருக்கு ஸ்டீரிங் என்று பெயர். அவரோ சுவருக்கு அந்தப் பக்கம் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் இரைச்சலில் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

தொழிலில் இருப்பவர்கள் மட்டும் அவ்வளவு சுலபத்தில் முடிக்கவில்லை. கயிற்றைச் சுற்றாமல் எவனாவது விடு என்பானா, கிளைக்கு நேர் கீழே வந்து நிற்பானா? பாதிப் பேர் நங்கூரத்துக்கு ஞாபகம் எங்கேயோ இருந்திருக்கிறது என்றார்கள். "தலைக்கனம் வந்துட்டா இப்படித்தான்" என்று வாய் கூசாமல் சொன்னவர்களும் உண்டு. மீதிப் பேர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பல்லிக்குக் கயிறு பிடிக்க வரச்சொன்னால், ஒருவருக்கு முதுகுவலி, இன்னொருவருக்கு வீட்டில் விசேஷம். அதற்கு அர்த்தம் தெரியாத அளவுக்குப் பல்லி பச்சைக் குழந்தையா?

சில மாதங்கள் அவன் மரப்பக்கமே போகவில்லை. பிறகு வயிறு என்று ஒன்று இருக்கிறதே. யாரோ புது ஆளைக் கூட்டிக்கொண்டு ஒரு சின்ன மரத்தில் ஏறினான். கட்டவேண்டியதைக் கட்டிவிட்டு, "வெட்டவா?" என்று கேட்டான்.

"விடு மச்சான்!"

நங்கூரத்தின் குரல். ரம்பம் கையை விட்டு நழுவி, இடுப்பில் கட்டிய கயிற்றில் தொங்கி ஆடியது. அதே 'வி', அதே இழுப்பு. அதற்குப் பிறகுதான் கீழே நின்ற புது ஆள், "விடுங்கண்ணே" என்று மெல்லிய குரலில் சொன்னான். பல்லி இறங்கி வந்து அவனிடம், "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டான். அவன் இவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து வரவில்லை.

அன்றிலிருந்து எந்த மரத்தில் ஏறினாலும் அது வந்தது. எந்தக் கிளைக்கும் தவறியதில்லை. கேள்வி முடிந்ததும் முதலில் செத்தவனின் குரல், பிறகு உயிரோடிருப்பவரின் குரல்.

தூக்கம் போனது. டாக்டரிடம் போனான், காதில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு அழுக்கு இருக்கிறது என்றார். எடுத்தார். அதற்குப் பிறகு குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஆனால் போகப்போக என்ன நடந்தது தெரியுமா? பல்லிக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது. சொன்னால் அசிங்கம்தான், ஆனால் அதுதான் உண்மை. ஒவ்வொரு முறை அது கேட்கும்போதும் அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கும். இதோ, இப்போதும் சொல்கிறான். அப்படியானால் அன்றைக்கும் சொல்லித்தான் இருக்கிறான். நான் விதியை மீறவில்லை. நான் அவனைக் கொல்லவில்லை. அவனுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் குரல்தான். ஆவி என்று பயந்து அதை விரட்ட அவன் என்ன பைத்தியமா?

தங்கை வந்தது அதற்குப் பிறகுதான். கயிறு பிடிக்க ஆள் கிடைக்காமல், யாருமில்லாமல் தனியாகவே ஒரு மரத்தில் ஏறிவிட்டு வந்தான் என்ற செய்தி எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது. மறுநாள் காலை புருஷனின் கையுறைகளை மாட்டிக்கொண்டு லாரியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கு. இது பொம்பளைங்க செய்யற வேலையில்ல" என்றான் பல்லி.

"கயித்துக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா? அடிமரத்துல சுத்திட்டா எல்லாக் கனமும் மரத்துக்குத்தான். அவரு எனக்குச் சொல்லியிருக்காரு."

"உனக்கு ஏன்மா இந்த வேலை?"

"வண்டியை எடுங்கண்ணே" என்றாள், ஸ்டீரிங்கிடம்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. கயிறு அவள் கையில் சொன்னபடி கேட்டது. ஆனால் "விடுண்ணே" என்ற ஒரு சொல்லைத் தவிர, அவனிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். சாப்பிடும்போது லாரிக்கு அந்தப் பக்கம் போய் உட்காருவாள். யாராவது நங்கூரத்தின் பேச்சை எடுத்து, பல்லியும் வழக்கம்போல "அவன் விடுன்னு சொன்னானே" என்று ஆரம்பித்தால், எழுந்து போய்விடுவாள். புருஷனை இழந்த துக்கம், ஆற நாளாகும் என்று பல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். புருஷன் செத்த நாளிலிருந்து அவள் அழுது யாரும் பார்த்ததில்லை என்பதை மட்டும் அவன் யோசித்துப் பார்க்கவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தத் தூங்குமூஞ்சி மரத்து வேலை வந்தது.

குறுகலான சந்துக்குள் ஒரு பழைய மாடி வீடு. வீட்டுக்குப் பின்னால் மரம். பாதி மரம் கூரைமேல் சாய்ந்து கிடந்தது. போன வாரக் காற்றில் ஒரு கிளை முறிந்து மொட்டைமாடிச் சுவரின் மூலையை இடித்துத் தள்ளியிருந்தது. இன்னொன்று முறிந்து, கீழே விழாமல் மேலேயே மாட்டிக்கொண்டு தொங்கியது. வீட்டுக்கார அம்மா தனியாக இருப்பவர். அவருக்குக் கூரையைப் பற்றிக்கூட அவ்வளவு கவலையில்லை. பின்முற்றத்தில் இரும்பு அடுக்கு ஒன்றில் வரிசையாகப் பூத்தொட்டிகள் வைத்திருந்தார்.

"ஒரு தொட்டி உடைஞ்சாலும் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றார்.

"நகர்த்தி வச்சிடலாம்மா" என்றார் ஸ்டீரிங்.

"நகர்த்தினா செடிக்குப் பிடிக்காது. வெயில் மாறிடும். நீங்க பாத்து வெட்டுங்க."

"தூங்குமூஞ்சி மரத்தைத் தூக்கம் கலையாம வெட்டணும்னு சொல்லுவாங்க போல" என்று ஸ்டீரிங் முணுமுணுத்தார். தங்கை லேசாகச் சிரித்தாள். பல்லியும் சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

அவன் ஏறினான். சின்னக் கிளைகள் முதலில். ஒவ்வொன்றுக்கும் கேட்டான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு குரல்கள் வந்தன. முதலில் செத்தவனுடையது, பிறகு தங்கையுடையது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் பல்லி இரண்டாவது குரல் வரும்வரை காத்திருப்பான். உயிருள்ள குரல்தானே கணக்கு. நாளாக ஆக, முதல் குரல் கேட்டதுமே அவன் விரல் ரம்பத்தின் விசைக்குப் போகத் தொடங்கியது. அவளும் சொல்லத்தான் போகிறாள், அரை நொடி முன்னே பின்னே இருந்தால் என்ன? அவள் "விடுண்ணே" என்பது ரம்பத்தின் இரைச்சலோடு சேர்ந்து கேட்கும். ஒரு தடவையும் தப்பு நடக்கவில்லை. தப்பு நடக்காததால் அது தப்பென்றே அவனுக்குத் தோன்றவில்லை. பழகிய கைக்கு வரும் வியாதி இது. புதுசாய் ஏறுகிறவனுக்கு இது வராது.

பெரிய கிளைக்கு வந்தான். ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். அது நேராகப் பின்முற்றத்துக்கு மேலே நீண்டிருந்தது. கயிற்றைக் கட்டி, மேலே இருந்த கவட்டையில் போட்டு, நுனியைக் கீழே விட்டான். இலைகளுக்கு நடுவில் அது இறங்கி மறைந்தது. தன் இடுப்புக் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டான்.

"வெட்டவா?"

"விடு மச்சான்!"

விரல் விசையை அழுத்திவிட்டது. ரம்பம் உறுமிக்கொண்டு மரத்துக்குள் இறங்கியது. தூள் பறந்து முகத்தில் ஒட்டியது. பாதிக்கு மேல் போனபோது கிளை தலையைச் சாய்க்க ஆரம்பித்தது. அந்த நேரத்தில் கயிறு விறைக்க வேண்டும். கிளையின் கனத்தைக் கீழே இருப்பவர் வாங்கிக்கொள்வது அப்போதுதான். பல்லி கயிற்றைப் பார்த்தான். அது தொய்ந்து கிடந்தது.

விசையிலிருந்து விரலை எடுத்தான். ரம்பம் அடங்கியதும் கீழேயிருந்து அலறல் கேட்டது.

"வேணாண்ணே! வேணாம்! நிறுத்து!"

குனிந்து பார்த்தான். இலைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்ன இடைவெளியில் தங்கையின் முகம் தெரிந்தது. கிளைக்கு நேர் கீழே, பூத்தொட்டி அடுக்கின் பக்கத்தில் நின்றிருந்தாள். கயிறு அடுக்கின் இரும்புக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கப் போயிருக்கிறாள். கிளையிலிருந்து ஒரு முறிவுச் சத்தம் கிளம்பியது.

"ஓடு!" என்று கத்தினான் பல்லி. "ஓடு பாப்பா, ஓடு!"

அவளைப் பாப்பா என்று அவன் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. முகம் மறைந்தது. நார் பிய்ந்து, கிளை பிடுங்கிக்கொண்டு போனது. முழுமரமும் அவனோடு சேர்ந்து ஒரு முறை முன்னும் பின்னும் ஆடியது. கீழே இரும்பும் மண்ணும் நொறுங்கும் சத்தம். பிறகு சத்தமே இல்லை.

"பாப்பா!"

பதில் வரவில்லை. பல்லி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். இதே சத்தம், இதே அமைதி. அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த அமைதி அது.

"தங்கச்சி நல்லாத்தான் இருக்கு!" என்று ஸ்டீரிங் கத்தினார். "அடி ஒண்ணும் இல்ல! நீ இறங்குப்பா, முதல்ல நீ இறங்கு!"

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. பின்முற்றத்தில் இரும்பு அடுக்கு சப்பையாகிக் கிடந்தது. தொட்டி என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. வீட்டுக்கார அம்மா வாசற்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கை தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான்.

பல்லி அவளுக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"நீ விடுன்னு சொன்னியா?"

"நான் வாயே திறக்கல. நீ கேட்டதும் இருன்னு சொல்றதுக்குள்ள மிஷின் சத்தம் வந்துடுச்சு."

பல்லி ஸ்டீரிங்கைப் பார்த்தான். "யாரும் சொல்லலப்பா" என்றார் அவர். "நான் இங்கதான நிக்கிறேன். இன்னிக்கு இன்ஜின்கூட ஓடல."

"அவன் சொன்னான்" என்றான் பல்லி.

"யாரு?"

"மாப்ள சொன்னான். விடு மச்சான்னு. எனக்குக் கேட்டுச்சு."

தங்கையின் முகம் மாறியது. இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அதில் வந்து நின்றது.

"இன்னமுமா?" என்றாள். "இன்னிக்கு என்னையும் சாகடிக்கப் பாத்துட்டு, இன்னமும் செத்தவர் தலையிலதான் போடுவியா? உனக்கு வெக்கமா இல்ல? ஒவ்வொரு தடவை நீ 'விடுன்னு சொன்னான்'னு சொல்றப்பவும் என் வயிறு எப்படி எரியும் தெரியுமா?"

"சத்தியமா சொன்னாம்மா. அன்னைக்கும் சொன்னான்."

"அவரால சொல்லவே முடியாது!"

அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. முந்தின நாளே கரகரன்னு இருந்துச்சு, காலையில எழுந்தா குரலே இல்ல. காத்துதான் வருது. ஒரு சொல் வெளிய வரல. சைகையிலதான் தண்ணி கேட்டாரு, சைகையிலதான் சாப்பாடு கேட்டாரு. நான் சிரிச்சேன். இன்னிக்கு ஒரு நாளாவது வீடு அமைதியா இருக்கும்னு சொல்லிச் சிரிச்சேன். மருந்துக்கடைக்குப் போயிட்டு வேலைக்குப் போறேன்னு சைகை காட்டிட்டுப் போனாரு. அதான் லேட்டு. நான் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுமான்னு கேட்டேன். வேணாம், நான் நேர்ல பாத்துக் காட்டிக்கிறேன்னு கையை ஆட்டினாரு. நானும் விட்டுட்டேன்." அவள் மூச்சு வாங்கினாள். "ஒரு போன் பண்ணியிருக்கலாம். பண்ணல. அதனாலதான் நானும் வாயை மூடிக்கிட்டேன். உன்னை மட்டும் மாட்டிவிட எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு இருந்துட்டேன்."

அன்று காலை பல்லி முன்னமே வந்து மரத்தில் ஏறிவிட்டான். நங்கூரம் பிறகுதான் வந்தான். வந்தவன் கீழேயிருந்து கையை ஆட்டியது மட்டும் இலைகளுக்கு நடுவில் தெரிந்தது. நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன்மேல் விழுந்ததுதான் அன்றைக்கு முதல் கிளை.

"நீ பொய் சொல்றேன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் தங்கை. "கேக்காமலே வெட்டிட்டு, தப்பிக்கிறதுக்குப் பொய் சொல்றேன்னு நினைச்சேன். என்னிக்காவது நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம் ஏன்மா எனக்குக் கயிறு பிடிக்க வந்தே?"

"வேற யாரும் வரலையே. நீ தனியா ஏறினா செத்துடுவே. இருந்த ஒருத்தரும் போயிட்டாரு, கூடப் பொறந்தவனும் போனா நான் என்ன பண்றது? உன்னைப் பாக்கவும் பிடிக்கல, விடவும் முடியல."

"நான் பொய் சொல்லல பாப்பா" என்றான் பல்லி. "நான் கேட்டேன், வெட்டவான்னு. எனக்குப் பதில் கேட்டுச்சு. இப்ப உன் குரல் கேக்குதில்ல, அது மாதிரி கேட்டுச்சு. அதுக்கப்புறமும் ஒவ்வொரு மரத்துலயும் கேக்குது. உன் குரலுக்கு முன்னாடியே வந்துடுது. இன்னிக்கும் அதைக் கேட்டுத்தான் வெட்டினேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம். அவன் பொய் சொன்னால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

"அப்ப நீ பொய் சொல்லலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல."

அவள் அழ ஆரம்பித்தாள். புருஷன் செத்ததற்கு அழாத அழுகையெல்லாம் சேர்த்து, குழாயடியில் உட்கார்ந்து, கையுறையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணன் பொய்யன் இல்லை. இரண்டு வருஷமாக ஒருவனை மனசுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டே அவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் அவள். அந்தக் கசப்பு அவளை விட்டு இறங்கியது.

அது இறங்கி வந்து பல்லியின் தலையில் உட்கார்ந்தது. பத்து வருஷத்துக்கு மேல் தினமும் அவன் கேட்டிருக்கிறான், தினமும் அதே பதில், அதே இடைவெளி விட்டு வந்திருக்கிறது. அன்றைக்கும் கேட்டான். அந்த இடைவெளி முடிந்ததும் காது தானாகவே பதிலைச் சொல்லிவிட்டது. கீழே நின்றவனுக்குக் குரலே இல்லை. பேய் பிசாசு எதுவும் அவன் பின்னால் வரவில்லை. சாட்சி என்று அவன் இரண்டு வருஷம் கட்டிக்கொண்டு அழுதது அவன் காதைத்தான்.

"அவன் ஏன் கிளைக்கு நேர் கீழ வந்து நின்னான்னு எல்லாரும் கேட்டாங்களே" என்றான். யாரிடம் சொல்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. "மேல இருந்து பாத்தா அந்த ஒரு இடம்தான் தெரியும். குரல் போனவன் என் கண்ணுல படணும்னா வேற எங்க வந்து நிப்பான்? பொறு, இன்னும் சுத்தலன்னு கையைக் காட்டத்தான் வந்திருக்கான். வெட்டறப்ப நான் கீழ பாக்கவே இல்ல."

ஸ்டீரிங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"அவன் தப்பு ஒண்ணுமே இல்ல பாப்பா. எல்லார்கிட்டயும் நான் போய்ச் சொல்றேன். ஒருத்தர் விடாம சொல்றேன். என்னை நீ..."

"இப்ப எதுவும் கேக்காதண்ணே" என்றாள் அவள். "மன்னிக்கிறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. கேக்காத."

வீட்டுக்கார அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். போகும்போது ஒரு தடவை மேலே பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். முறிந்துபோய் மாட்டிக்கொண்டிருந்த அந்தப் பழைய கிளை, இப்போது மரம் ஆடிய ஆட்டத்தில் பிடி தளர்ந்து, படுக்கையறைக் கூரைக்கு நேர் மேலே தொங்கியது.

"வேற ஆளைக் கூப்பிடலாம்" என்றார் ஸ்டீரிங்.

"நாளைக்குத்தான் வருவாங்க. அதுவரைக்கும் அது நிக்காது. காத்து ஏறுது பாருங்க" என்றான் பல்லி. அவன் எழுந்து நின்றான்.

"உன்னை இன்னிக்கு ஏத்த எனக்கு மனசே இல்ல" என்றாள் தங்கை. ஆனாலும் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். லாரிக்குப் போய் ஒரு மெல்லிய நீளக் கயிற்றை எடுத்து வந்தாள். ஒரு முனையை அவன் இடுப்பு வாரில் தானே முடிந்தாள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். "இனிமே வாய் வேண்டாம். நீயும் கேக்காத, நானும் சொல்லல. எல்லாம் சரியா இருந்தா நான் இதை ரெண்டு தரம் இழுப்பேன். உன் இடுப்புல தெரியும். தெரியற வரைக்கும் ரம்பத்தைத் தொடாத."

"சரி."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

"சரிம்மா. தொட மாட்டேன்."

மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, உருட்டி, இரண்டு காதிலும் நன்றாகத் திணித்துக்கொண்டான். பிறகு ஏறினான். சற்று முன் ஏறிய அதே மரம், பழக்கப்பட்ட பிடிதான். ஆனாலும் முதல் நாள் ஏறுகிறவன்போல ஒவ்வொரு பிடியையும் அழுத்திப் பார்த்துப் பார்த்து ஏறினான். முறிந்த கிளையில் கயிற்றைக் கட்டினான். நுனியைக் கீழே விட்டான். காற்றில் இலைகள் அசைந்தன, பஞ்சு வைத்த காதுக்கு அந்தச் சத்தமும் வரவில்லை. உலகமே ஓய்ந்துபோன மாதிரி இருந்தது. அவன் எதையும் கேட்கவில்லை. ரம்பத்தை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"விடு மச்சான்!"

முன்னெப்போதையும்விடத் தெளிவாக இருந்தது. வேறு சத்தம் எதுவும் இல்லாததால், பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து சொன்னதுபோல இருந்தது. அந்த இழுப்பும், அந்தப் பாசமும், மத்தியானம் என் பொரியலை எடுத்தியே என்ற அந்த உரிமையும் எல்லாம் அதில் அப்படியே இருந்தன. இத்தனை நாளும் அவனைக் காப்பாற்றிக்கொண்டு வந்த குரல். வேண்டும் என்றால் இன்னமும் காப்பாற்றும். பல்லிக்குக் கண் மறைத்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"இல்ல மாப்ள" என்றான் வாய்விட்டு. "நீ சொல்லல."

இடுப்பில் கயிறு இன்னும் அசையவில்லை. அவன் காத்திருந்தான்.